ஈயத்தின் கணக்கு

பேனாவைத் தவிர வேறெந்தக் கருவியையும் ஒழுங்காகக் கையாண்டறியாத நான் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி எழுத முற்படுவது, இப்பக்கங்களைத் தொடர்ந்து வாசித்து வருவோருக்கு வியப்பளிக்கக்கூடும். போர் நடந்த நாட்டிலே பத்திரிகையாளனாகக் காலங்கழித்தவன் துப்பாக்கியைப் பற்றி எழுதினால் சாவுக் கணக்கைத்தான் எழுதுவான் என்று நீங்கள் எண்ணுவதும் நியாயமே. ஆனால் இன்று நான் எழுதவிருப்பது, மான் வேட்டைக்காக ஒருவன் தன் வீட்டு நிலவறையிலிருந்து அளந்தளந்து செய்த தோட்டாக்களைப் பற்றியும், அதே வேலையை அளக்காமற் செய்த இன்னொருவனைப் பற்றியுமாகும். அந்த இன்னொருவன் நான்தான்.

2014 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் என் தமக்கையைப் பார்ப்பதற்காகக் கனடா சென்றிருந்தேன். அவளுடைய மகன் ரொறன்ரோவுக்கு வடக்கே, இரண்டு மணி நேர ஓட்டத் தொலைவில், காட்டை அண்டிய சிற்றூரொன்றில் வசிக்கின்றான். தொண்ணூறுகளில் அகதியாகச் சென்றவன். தொழிற்சாலையொன்றிலே கடைசல் இயந்திரத்தில் வேலை. அங்கு பக்கத்து வீட்டிலிருந்த முதிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வேட்டையைக் கற்றுக்கொண்டான். துப்பாக்கிக்கு ஒரு பரீட்சை, வேட்டைக்கு ஒரு பரீட்சை, மானுக்கு வேறாக ஓர் அனுமதிச் சீட்டு என்று அந்நாட்டுச் சட்டம் கேட்ட யாவற்றையும் நிறைவேற்றியே அவன் காட்டுக்குள் இறங்கினான்.

நான் சென்றிறங்கிய மறுநாள், நிலவறையின் மூலையிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து தன் றைபிளை எடுத்துக் காட்டினான். பார்த்தவுடனே எனக்கு இனங்காண முடிந்தது. நம் நாட்டுப் பொலிஸ் நிலையங்களின் வாசலிலே, என் சிறு பராயத்திலிருந்து காவலரின் தோளிற் கண்டுவந்த அதே ‘திறீ நொட் திறீ’. லீ என்ஃபீல்ட் நான்காம் இலக்கம். மரப்பகுதியைக் குறைத்து வேட்டைக்கென மாற்றியிருந்தார்கள். உலோகத்தில் ‘லோங் பிராஞ்ச், 1943’ என்று பொறித்திருந்தது. ரொறன்ரோவின் மேற்கே இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வகைத் துப்பாக்கிகள் ஒன்பது இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் மிஞ்சியவை மலிவு விலைக்கு விற்கப்பட, கனடா நாட்டுக் குடியானவர்களின் மான் துப்பாக்கியாக அது மாறிற்று. எனக்கு அச்சத்தின் உருவமாகத் தெரிந்த பொருள், அவனுக்கு அயல்வீட்டுக் கிழவர் விட்டுச்சென்ற சொத்து.

“தோட்டா கடையில் கிடைக்காதா? ஏன் இந்தப் பாடு?” என்று கேட்டேன்.

“கிடைக்கும் மாமா. அது ஊரில இருக்கிற எல்லாத் துவக்குக்கும் பொதுவாய்ச் செய்தது. இது இந்த ஒரு துவக்குக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை” என்றான்.

அவன் சொன்னதன் பொருள் அடுத்த சில நாட்களில் எனக்கு விளங்கிற்று. ஒரு தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பித்தளைக் கோது, அதன் அடியிற் பதிக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயிற் செருகிய குண்டு. சுட்டபின் மூன்று போய்விடும். கோது மட்டும் எஞ்சும். அதை எடுத்துத் துடைத்து, பழைய கேப்பைத் தட்டிக் கழற்றி, வாயை மீண்டும் இறுக்கி, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால் மறுபடியும் ஒரு தோட்டா. சொல்லுதற்கு எளிது. ஆனால் இப்பழைய போர்த் துப்பாக்கிகளுக்கு ஒரு குணம் உண்டு. சேறும் மண்ணும் பட்ட தோட்டாவும் தடையின்றி உள்ளே செல்லவேண்டும் என்பதற்காக அவற்றின் அறையைச் சற்றுத் தாராளமாகவே கடைந்துவிட்டார்கள். வெடிக்கும்போது கோது அந்த இடைவெளியை நிரப்பி உப்பிவிடும். உப்பிய கோதை ஒவ்வொரு முறையும் முழுவதுமாக நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் பித்தளை இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாக அறுந்துவிடும். ஆதலால் அவன் கோதின் கழுத்தை மட்டுமே இறுக்குவான். உடல் அத்துப்பாக்கியின் அறை வார்த்த வடிவிலேயே இருக்கும். வேறொரு துப்பாக்கிக்கு அது பொருந்தாமலும் போகலாம். நுனி வளைத்த கம்பியொன்றைக் கோதினுள் விட்டு, உட்சுவரிற் பள்ளம் தட்டுகிறதா என்று தடவிப் பார்ப்பான். தட்டினால் அந்தக் கோதைச் சாவணத்தால் நசுக்கி எறிந்துவிடுவான். கண்ணுக்கு அது புதிதுபோலவே இருக்கும்.

குண்டின் விட்டத்திலும் இதே சிக்கல். போர்க்கால அவசரத்திற் செய்த குழல்கள் ஒன்றுக்கொன்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு வேறுபடும். அவன் தன் குழலின் உள்ளளவை எடுத்து அதற்கேற்ற குண்டையே வாங்கியிருந்தான். கடைசல் வேலைக்காரனுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பெரிய தூரம்.

மருந்தளக்கும் தராசு மேசையின் நடுவே இருந்தது. நம்மூர்த் தட்டார் பட்டறைத் தராசை அது எனக்கு நினைவூட்டிற்று. பொன்னுக்குக் குன்றிமணி போல இதற்கு ‘கிரெயின்’. பெயரே தானிய மணியைத்தான் குறிக்கின்றது. ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். அந்தத் தராசு ஒரு கிரெயினின் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். அதாவது ஏறத்தாழ ஆறரை மில்லிகிராம். மேசையில் ஒரே ஒரு மருந்துப் பேணிதான் இருக்கும். மற்றவை அலுமாரியில் பூட்டியிருக்கும். தொலைபேசி மேல்மாடியில். இலக்கங்களை வானொலி குழப்பும் என்று அதையும் நிறுத்திவிடுவான். ஐம்பது கோதுகளையும் தட்டில் வரிசையாக நிறுத்தி மருந்திட்டபின், கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்ப்பான். ஒன்றில் இரட்டை மருந்து விழுந்திருந்தால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும். ஒன்றில் மருந்தே இல்லையென்றால் குண்டு குழலுக்குள் நின்றுவிடும்; அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் அதுவும் ஆபத்து. பார்த்து முடிந்தபின் முதலிலிருந்து மறுபடியும் பார்ப்பான். எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்காளர்கள் இருவர் இருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பார்கள். இங்கே இரண்டு பேரும் அவனே.

எவ்வளவு மருந்து என்பதைப் புத்தகம் சொல்லாதா என்று கேட்டேன். புத்தகம் எல்லையைத்தான் சொல்லும் என்றான். தொடக்க அளவு ஒன்று, மேல் அளவு ஒன்று. இரண்டுக்கும் இடையே தன் துப்பாக்கிக்கு உகந்த இடத்தை ஒவ்வொருவரும் தேடிக் கண்டுகொள்ள வேண்டும். அவன் தொடக்க அளவிலிருந்து அரை அரைக் கிரெயினாக ஏறி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து தோட்டா செய்திருந்தான். மேல் அளவு வரையும் செல்வது அவன் எண்ணமன்று. லீ என்ஃபீல்டின் பூட்டு பின்புறத்தில் அமைந்தது. மிகையான அழுத்தத்துக்கு ஏற்றதல்ல.

சனிக்கிழமையன்று சூட்டுப் பயிற்சித் திடலுக்குச் சென்றோம். இலக்கு 100 யார் தூரத்தில். முதல் ஐந்து குண்டுகளும் விரித்த கையளவுக்குச் சிதறிக் கிடந்தன. இரண்டாம் தொகுதி சற்றுக் கூடிற்று. மூன்றாவது மீண்டும் கலைந்தது. நான்காம் தொகுதியின் ஐந்து துளைகளும் ஒரு தேநீர்க் கிண்ணத்தின் வாய்க்குள் அடங்கின. ஐந்தாவதில் வேகம் கூடியது, துளைகளோ விலகின. சுட்ட கோதுகளின் கேப்பு தட்டையாகி விளிம்பு மழுங்கியிருக்கிறதா, போல்ட்டைத் தூக்கும்போது இறுக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டான். அவை அழுத்தம் மிஞ்சுவதன் அறிகுறிகள். பிறகு குறிப்புக் கொப்பியில் நான்காம் அளவைச் சுற்றி வட்டமிட்டான். ஐந்தாவதைவிட அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 60 அடி குறைவு.

“வேகமானதை விட்டுவிட்டாயே” என்றேன்.

“மானுக்கு வேகம் தெரியாது மாமா. எங்க பட்டது எண்டதுதான் தெரியும்” என்றான்.

அன்று மாலை இன்னொரு பொருளையும் காட்டினான். அயல்வீட்டுக் கிழவர் பயிற்சிக் குண்டுகளைத் தாமே வார்ப்பவராம். அவர் விட்டுச்சென்ற உலோகக் கட்டிகள் ஒரு வாளி நிறைய இருந்தன. ஒன்றைக் கையிலெடுத்தேன். விரலளவு நீளத்தில் ஒடுங்கிய ஈயத் துண்டு. ஓரத்தில் தலைகீழாக ஆங்கில எழுத்து வரி. லைனோ இயந்திரத்தில் வார்த்த அச்சு வரி அது! நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு அந்திமனி, 4 பங்கு வெள்ளீயம் சேர்ந்த அவ்வுலோகம் வெறும் ஈயத்தைவிடக் கடினமானது. வார்ப்பில் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். பத்திரிகைகள் ஈய அச்சைக் கைவிட்ட காலத்தில் குண்டு வார்ப்போர் அதனைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார்களாம். என் கை நடுங்கியதை மருமகன் கவனித்திருப்பான். அதற்கான காரணத்தை அவனுக்கு அன்றிரவுதான் சொன்னேன். உங்களுக்கு இப்பொழுது சொல்கிறேன்.

1970 ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்திரண்டு. கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றில் உதவி நிருபன். அக்காலத்தில் எங்கள் பத்திரிகை கையால் அச்சுக்கோக்கப்பட்டது. தேய்ந்த எழுத்துகள் உருக்குவதற்காக ஒரு தகரப் பெட்டியிற் சேரும். விடுமுறைக்கு வன்னி செல்லுமுன், எங்கள் அச்சுக்கூடப் போர்மனிடம் கேட்டு, அதில் ஒரு பால்மாப் பேணி அளவு வாங்கிக்கொண்டேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய ஊரில் என் அம்மான் இருந்தார். ஊரிலே அவரை வெடிக்காரன் என்றே சொல்வார்கள். ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் கடைத் தோட்டா அருமையாக இருந்தமையால், சுட்ட கோதுகளைச் சேர்த்துத் தாமே மருந்திட்டு நிரப்புவார். சன்னத்துக்கு ஈயம் கிடைப்பதும் அரிது. என் பேணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உயிரும் மெய்யும் ஆய்தமும் ஒன்றாய் உருகிச் சன்னமாயின.

அம்மானுக்குத் தராசு இல்லை. பழைய பித்தளைக் கோதொன்றை அறுத்துச் செய்த சிமிழ் ஒன்று இருந்தது. மருந்தை அதில் அள்ளிப் பனையீர்க்கால் தலைதட்டி, அதைத்தான் இடுவார். ஒருநாளும் கண் மதிப்பில் இட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரிடம் இருந்த ஒழுங்கு, பல்கலைக்கழகம் கண்ட என்னிடம் இருக்கவில்லை. அவர் புதுக்குடியிருப்புக்குச் சென்றிருந்த ஒரு பகற்பொழுதில், “நான் வரும்வரை தொடாதை” என்று சொல்லியிருந்தும், மூன்று கோதுகளை நானே நிரப்பினேன். சிமிழைத் தேடினேன், கிடைக்கவில்லை. கண் மதிப்பிலேயே இட்டேன். மருந்து வீணாகக் கூடாதென்று கையைச் சற்று இறுக்கியும் இட்டேன்.

மறுநாள் மாலை, காட்டுக்குள் மோட்டையொன்றின் கரையிலே, பாலை மரத்தடியிற் காத்திருந்தோம். அம்மான் அன்று துவக்கை என்னிடம் தந்திருந்தார். நானும் என் தோட்டாவை, எதுவும் சொல்லாமல், அதில் இட்டிருந்தேன். மைமலுக்குச் சற்று முன்னர் பெண் புள்ளிமான் ஒன்று தண்ணீருக்கு இறங்கிற்று. முப்பது யார் தூரமும் இராது. சுட்டேன். ஈரச்சாக்கைத் தடியால் அடித்தாற்போல ஒரு சத்தம். மான் விழவில்லை. பின்பக்கம் ஒருமுறை தாழ்ந்து எழுந்து, காட்டுக்குள் மறைந்தது. அம்மான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தமே அவருக்கு யாவற்றையும் சொல்லிவிட்டது.

இருட்டும்வரை இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். இலையில் ஒரு துளி, பத்தடிக்கு அப்பால் இன்னொரு துளி. மறுநாள் விடியலிலிருந்து மாலைவரை தேடினோம். வீட்டுக்குப் போவோம் என்று நான் சொன்னபோது, “காயப்படுத்தினது நீ. முடியும்வரைக்கும் நீதான் நடக்கவேணும்” என்றார். மூன்றாம் நாட்காலை, காகங்கள் கரைந்த திசையில், வீரைப் பற்றையொன்றின் அடியில் அதைக் கண்டோம். நரிகள் பின்பாகத்தைத் தின்றிருந்தன. அது அவ்விடத்தில் வெகுநேரம் உயிரோடு கிடந்திருக்கிறது என்பதை, கால்கள் உதைத்து வாரிய மண் காட்டிற்று. அம்மான் கத்தி நுனியால் விலாவுக்கு அருகே கிளறி, ஒரு சன்னத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தோலையும் சிறிது தசையையும் கடந்ததற்கு மேல் அது போகவில்லை. உருவம் சிறிதும் மாறாமல் இருந்தது.

“இந்தா, நீ கொண்டுவந்த எழுத்து” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அதைப்பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நானும் அதன் பிறகு துவக்கைத் தொட்டதில்லை. அந்தச் சன்னம் என் எழுத்து மேசையின் இழுப்பறையில் பல வருடங்கள் கிடந்தது. 1983 ஆடியில் மேசையோடு அதுவும் போயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் எழுந்துபோய், வேட்டைக்கென வைத்திருந்த குண்டொன்றைக் கொண்டுவந்தான். 180 கிரெயின் எடை. செப்புக் கவசத்தின் நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரிந்தது. உடலிற் பட்டதும் நுனி காளான்போல விரிந்து, தன் வேகம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும் என்றான். எனக்கு வரலாறு நினைவுக்கு வந்தது. இதே .303 துப்பாக்கிக்கு இவ்விதமான மென்நுனிக் குண்டை 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் செய்தார்கள். எல்லைப்புறப் போர்களில், முழுக் கவசக் குண்டு ஆளை ஊடுருவிச் சென்றும் அவன் விழவில்லை என்பது அவர்களுடைய குறை. ‘டம்டம் குண்டு’ என்று அது பெயர்பெற்றது. 1899 இல் ஹேக் மாநாட்டின் பிரகடனம், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாது என்றது. ஆனால் ஒன்ராறியோவின் வேட்டைச் சட்டமோ, விரியாத முழுக் கவசக் குண்டால் மானைச் சுடலாகாது என்கிறது. மனிதனுக்கு விலக்கப்பட்டது மானுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது.

முதலில் இது எனக்கு விபரீதமாகத் தோன்றிற்று. சிந்திக்கச் சிந்திக்க, இரண்டு விதிகளும் ஒரே கேள்வியிற் பிறந்தவை என்பது புலனாயிற்று. சுடப்படும் உயிர் எவ்வளவு துன்புறும் என்பதே அக்கேள்வி. போரிலே எதிரியைக் களத்திலிருந்து அகற்றினாற் போதும். அவன் பிழைத்து வீடு திரும்பவும் வழியிருக்க வேண்டும். வேட்டையிலோ மான் வீடு திரும்பப்போவதில்லை. அதற்கு நாம் செய்யக்கூடிய ஒரே தருமம் விரைவு. காயத்தோடு தப்பிய மானைவிட, நின்ற இடத்தில் விழுந்த மான் பாக்கியசாலி. அந்த விரைவைத்தான் என் மருமகன் கிரெயினின் பத்தில் ஒரு பங்காக அளந்துகொண்டிருந்தான்.

நவம்பர் மாதத்து வேட்டை நாட்களில் ஒன்றில் நானும் அவனோடு சென்றேன். சட்டத்தின்படி இருவரும் செம்மஞ்சள் நிற மேலங்கியும் தொப்பியும் அணிந்திருந்தோம். என் கையில் ஒரு தேநீர்க் குடுவை மட்டுமே. விறைக்கும் குளிரில், ஓடைக்கரையில், வீழ்ந்த மரமொன்றின் பின்னே நான்கு மணி நேரம் இருந்தோம். தன் பரிசோதனையின்படி 150 யாருக்கு அப்பால் சுடுவதில்லை என்று அவன் தனக்கே ஓர் எல்லை வகுத்திருந்தான். ஒன்பது மணியளவில் எதிர்க்கரையில், அந்த எல்லைக்கு வெளியே, வெண்வால் மானொன்று நெடுநேரம் நின்றது. அவன் துப்பாக்கியை உயர்த்தவேயில்லை. அது போயிற்று. முற்பகல் முடியுமுன் கொம்புள்ள இன்னொன்று, ஏறத்தாழ 80 யார் தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. ஒரே வெடி. மான் துள்ளிப் பாய்ந்து மரங்களுக்குள் மறைந்தது.

என் நெஞ்சு உறைந்துவிட்டது. எழுந்து ஓடாமல் அவன் மணிக்கூட்டைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். பிறகு இருவரும் நடந்தோம். மான் நின்ற இடத்திலிருந்து நான் அடிகளை எண்ணத் தொடங்கினேன். இரத்தத் தடம் அகலமாய், ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. நாற்பத்து மூன்றாவது அடியில் அது கிடந்தது. மண் வாரப்படவில்லை.

அன்றிரவு வீட்டில் மான் இறைச்சிக் கறி. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இட்டு மருமகள் சமைத்தாள். அயல்வீட்டுக் கிழவரின் மனைவிக்கும் ஒரு பங்கு போயிற்று.

இதை வாசிக்கும் இளைஞர் எவரும் நம் நாட்டில் இவ்வாறு செய்யலாம் என்று எண்ணிவிடக்கூடாது. இலங்கையில் இன்று மானும் மரையும் சட்டத்தாற் காக்கப்படுபவை. அவற்றை வேட்டையாடுவது குற்றம். அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பதும் குற்றம். அம்மானின் காலத்துக் காடும் இன்றில்லை. ஆயினும் உலர்வலயக் காடுகளிற் கட்டுத்துவக்குகள் இன்றும் மறைந்திருக்கின்றன. ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கட்டிய கயிற்றிற் கால் பட்டதும் வெடிப்பவை அவை. கண்ணில்லாத அந்தத் துவக்குக்கு மானும் ஒன்று, யானைக் கன்றும் ஒன்று, விறகு பொறுக்கப் போன பெண்ணும் ஒன்று. கட்டியவன் வீட்டில் உறங்குவான். மூன்று நாட்கள் நடந்து தேட வேண்டிய கடன் அவனுக்கு இல்லை.

பத்திரிகைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. இன்றைய பிழைக்கு நாளைய இதழில், உட்பக்கத்தின் மூலையில், ‘திருத்தம்’ என்று இரண்டு வரி போட்டுவிடலாம். நானும் பல போட்டிருக்கிறேன். ஈயம் எழுத்தாக இருக்கும்வரை அது செல்லும்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள், மருமகன் தன் குறிப்புக் கொப்பியைத் திறந்து திகதி, மருந்தளவு, தூரம், 43 அடி என்று எழுதினான். பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளி, “நீங்களும் ஒண்டு எழுதுங்கோ மாமா” என்றான். நெடுநேரம் யோசித்துவிட்டு, அடுத்த வரியில் எழுதினேன்:

‘1970 ஆவணி, முத்தையன்கட்டு. பெண் புள்ளிமான் ஒன்று. தூரம் 30 யார். மருந்து அளக்கப்படவில்லை. மூன்று நாட்கள்.’